வெறும் என்று எழுதிய முட்டைகள்

முட்டைக்காரருக்கு எழுத்து வந்தது ஐம்பத்தோராவது வயதில். அதற்கு முன்னால் முதுகுவலி வந்தது, மூட்டுவலி வந்தது, கண்ணுக்குக் கண்ணாடி வந்தது. அவையெல்லாம் கூப்பிடாமல் வந்தவை. எழுத்தை மட்டும்தான் அவரே போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஆகவே அதைச் சும்மா உட்கார வைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. பேருந்தில் ஏறினால் ‘ஓட்டுநரிடம் பேசக் கூடாது’ என்று எழுதியிருப்பதைப் படிப்பார். படித்துவிட்டு, சரியாகப் படித்தோமா என்று ஓட்டுநரிடமே கேட்பார்.

பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தாள் விரித்தால் அதன் முதுகுப் பக்கம் இவருக்குச் சொந்தம். அவர் பக்கத்தைத் திருப்பினால், “கொஞ்சம் இருங்க, இன்னும் ரெண்டு வரி பாக்கி” என்பார். திட்டு வாங்கியதும் உண்டு. எழுத்துக்காக வாங்கிய திட்டு என்பதால் உறைக்கவில்லை.

முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். ஒருநாள் முதுகு, இனி நீ வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டது. அப்புறம்தான் இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்றாம் மாடிக்கு முட்டைத் தட்டு தூக்கும் வேலைக்கு வந்தார். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. தூக்க வந்தவர் கழுவக் கற்றார், கழுவ வந்தவர் முட்டையில் ஜன்னல் வெட்டக் கற்றார். இப்போது முட்டை அறையில் அவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது.

ஜன்னல் என்றால் நிஜமாகவே ஜன்னல்தான். குஞ்சு பொரிக்கக்கூடிய முட்டையை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால் உள்ளே இருப்பது ஓட்டை விட்டுக் கீழே இறங்கும். பிறகு மேலே நகத்தளவு துளை வெட்டி, கண்ணாடி போன்ற ஒட்டுநாடாவால் மூடிவிடவேண்டும். எட்டாம் நாள் அதன் வழியே எட்டிப் பார்த்தால் மெல்லிய சவ்வு தெரியும். சவ்வு முழுக்க ரத்தக் குழாய்கள், சிவப்பு நூலை யாரோ சிக்கில்லாமல் பிரித்துப் போட்ட மாதிரி ஓடும். படித்தவர்கள் பத்து முட்டை வெட்டினால் நான்கு உடையும். இவர் நாற்பது வெட்டினால் ஒன்று உடையும். அந்த ஒன்றுக்காக அன்றைக்கு முழுக்கக் கோழியிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு திரிவார்.

அந்த முட்டைகளெல்லாம் டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு. டாக்டரம்மா இன்னும் டாக்டர் ஆகவில்லை. நான்கு வருஷமாக ஆகிக்கொண்டிருக்கிறாள்.

“அப்படிக் கூப்பிடாதீங்கண்ணே, எல்லாரும் சிரிக்கிறாங்க” என்பாள்.

“ஆகப்போறவங்கதானே. இப்பவே கூப்பிட்டு நாக்கைப் பழக்கிக்கிறேன்.”

“நீங்க பழக்கி முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன்.”

அவளுடைய கேள்வி ஒன்றே ஒன்று. உடம்பில் ஒரு இடத்துக்கு ரத்தம் போதவில்லை என்றால் அங்கே புதுக் குழாய் முளைக்கவேண்டும். முளைக்கச் சொல்லிக் கூப்பிடுவது ஒரு பொருள், வளர்ச்சிக் காரணி என்று பெயர். ஆனால் அந்தப் பொருள் பெரும்பாலும் செல்களைச் சுற்றியிருக்கும் ஒட்டு வலையில் மாட்டிக்கொண்டு கிடக்கும். வலையை வெட்டி அதை வெளியே விடுவது நொதி. எந்த நொதி, எவ்வளவு, எப்போது என்பதுதான் அவளுடைய நான்கு வருஷம்.

முட்டைக்காரர் இதை முதல்முறை கேட்டபோது சவ்வையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அதாவது, ஒருத்தன் ‘இங்க வாங்க, மூச்சு முட்டுது’ன்னு சத்தம் போடணும். அவன் வாயில துணியைக் கட்டி வலைக்குள்ள போட்டிருக்கு. கத்தரிக்கோலோட ஒருத்தன் வந்து கட்டை வெட்டினாத்தான் சத்தம் வெளிய வரும். கத்தரிக்கோல்காரன்தான் நொதி.”

“அண்ணே, இதை என் கட்டுரையில போட்டுக்கவா?”

“போட்டுக்குங்க. ஆனா துணி நல்ல துணின்னு போடுங்க, வாயில கட்டுறதாச்சே.”

மெத்தென்ற சின்ன வளையம் ஒன்றைச் சவ்வின்மேல் வைத்து, அதற்குள் வலையும் வளர்ச்சிக் காரணியும் கலந்த சொட்டை விடவேண்டும். பாதி முட்டைகளில் நொதியும் சேரும், பாதியில் சேராது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால், நொதி சேர்ந்ததில் சக்கரத்து ஆரக்கால்கள் மாதிரி வளையத்தை நோக்கிக் குழாய்கள் ஓடி வரவேண்டும். சேராததில் எதுவும் நடக்கக்கூடாது.

எதில் எது என்று ஓட்டின்மேல் எழுதுவது முட்டைக்காரர். முன்பெல்லாம் குப்பிகளின் மூடி நிறத்தைப் பார்த்து, சிவப்புக்கு ஒரு கோடு, வெள்ளைக்கு ஒரு புள்ளி என்று கிறுக்குவார். எழுத்து வந்த மறுவாரமே பென்சில் கேட்டு வாங்கிக்கொண்டார். டாக்டரம்மா ஒரெழுத்து போதும் என்றாள். அவருக்குப் போதவில்லை. இருபது முட்டையில் ‘நொதி’ என்றும் இருபது முட்டையில் ‘வெறும்’ என்றும் முழுசாக, வரி நேராக, புள்ளி வைத்து எழுதினார். அந்தப் பென்சில் அவர் காதிலேயே குடியிருந்தது. தலை சீவும்போது மட்டும் எடுத்து வைப்பார். அது இல்லாமல் வீட்டுக்கு வந்தால் மனைவிக்கு அடையாளம் தெரியாது.

அப்படி எழுதிய முதல் நாற்பது முட்டைகளின் ஜன்னலைத்தான் அந்தத் திங்கட்கிழமை திறந்தார்கள்.

டாக்டரம்மா உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்தாள். முதல் ‘நொதி’ முட்டை. வளையத்தைச் சுற்றி ஒன்றும் இல்லை. வழுக்கைத் தலை மாதிரி இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஏழு பார்த்தாள், ஏழும் வழுக்கை. சரி என்று ‘வெறும்’ முட்டையைத் திறந்தாள். உள்ளே குழாய்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி வளையத்தை மொய்த்துக்கொண்டிருந்தன. அடுத்ததும், அதற்கடுத்ததும்.

“அண்ணே,” என்றாள் தலையைத் தூக்காமல். “எழுதும்போது மாத்தி எழுதிட்டீங்களோ?”

“இல்லம்மா.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தாம்மா எழுதினேன். அதான் ஒரு மணி நேரம் ஆச்சு.”

பக்கத்து மேஜைக்காரன் எழுந்து வந்தான். அவனுக்கு அந்த மாடியில் ‘சந்தேகம்’ என்று பெயர். காலையில் யாராவது வணக்கம் சொன்னால்கூட எதற்காகச் சொன்னார்கள் என்று மத்தியானம் வரை யோசிப்பவன்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? அப்படியே தலைகீழா வந்திருக்கு. தலைகீழா வந்தா லேபிள் தலைகீழ்னு அர்த்தம்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் முட்டைக்காரருக்குக் கேட்கிற மாதிரி, “அண்ணன் இப்பத்தானே படிக்க ஆரம்பிச்சிருக்காரு” என்றான்.

முட்டைக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. மூட்டை தூக்குகிற காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் முதுகோடு போயிற்று. இது நேராக நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பேராசிரியர் வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார்.

“முட்டைக்காரரே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த நாப்பதுக்கு இவன் நிறப் பொட்டு வைக்கட்டும். நீங்க ஜன்னல் வெட்டுங்க, கழுவுங்க. பென்சில் கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்.”

கையை நீட்டினார். முட்டைக்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார். பென்சில்தான், விரல் நீளம்கூட இல்லை. ஆனாலும் மாடிப்படி இறங்கும்போது ஒரு பக்கக் காது மட்டும் குளிர்ந்தது.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததுமே காதைப் பார்த்தாள்.

“பென்சில் எங்க?”

நடந்ததைச் சொன்னார். அவளும் அவரும் ஒரே மாலை வகுப்பில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து படித்தவர்கள். அவள் இவரைவிட வேகம். இவர் ஒரு வரியை முடிப்பதற்குள் அவள் பக்கத்தைத் திருப்பிவிட்டு, ‘என்ன, இன்னும் ஊர்வலம் கிளம்பலையா’ என்று கேட்பாள்.

“ஏங்க, கோவிச்சுக்காம சொல்லுங்க. நிஜமாவே மாத்தி எழுதலையே?”

“நீயுமா?”

“இல்லங்க, போன வாரம் ‘தள்ளு’ன்னு எழுதியிருந்த கதவை அஞ்சு நிமிஷம் இழுத்துக்கிட்டு நின்னீங்களே, அதான்.”

“அது படிச்சுட்டுத்தான் இழுத்தேன். கதவுகிட்ட அவசரத்துல கை முந்திருச்சு. முட்டையில ஏது அவசரம்? ஒவ்வொரு குப்பியும் எடுத்து, மேல எழுதினதை வாய்விட்டுப் படிச்சு, அப்புறம் ஓட்டுல எழுதினேன். அந்த டாக்டரம்மாப் பொண்ணுக்குக்கூடக் கேட்டிருக்கும். நாப்பது தரம் ‘நொதி, வெறும்’னு சொன்னா காது இருக்கறவங்களுக்குக் கேக்காதா?”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவள் நம்பிவிட்டால் அப்படித்தான் செய்வாள்.

அடுத்த நாற்பது முட்டைகள் ஏற்கெனவே பெட்டியில் ஏழாம் நாளில் இருந்தன. மறுநாளே வளையம் வைத்தார்கள். சந்தேகம் ஒவ்வொரு முட்டைக்கும் நிறப் பொட்டு வைத்து, வைத்த பொட்டை மறுபடி சந்தேகப்பட்டு, மேலே இன்னொரு பொட்டு வைத்தான். முட்டைக்காரர் வளையங்களைக் கழுவித் தட்டில் அடுக்கிக் கொடுத்தார். அந்த மூன்று நாள் அவர் பேருந்தில்கூட எதையும் படிக்கவில்லை. ஓட்டுநரே உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஜன்னலைத் திறந்தார்கள். சிவப்புப் பொட்டு, நொதி சேர்ந்தது: வழுக்கை. வெள்ளைப் பொட்டு, சேராதது: குழாய்க் கூட்டம். நாற்பதும் முன்னே வந்த மாதிரியே வந்திருந்தது.

எல்லோரும் சந்தேகத்தைப் பார்த்தார்கள். சந்தேகம் தன் கையிலிருந்த நிறப் பேனாக்களைப் பார்த்தான்.

“தம்பி,” என்றார் முட்டைக்காரர், மிக அன்பாக. “பொட்டு மாத்தி வெச்சிட்டீங்களோ? யோசிச்சுச் சொல்லுங்க.”

டாக்டரம்மா முதலில் சிரித்தாள். பிறகு பேராசிரியர் சிரித்தார். சந்தேகமும் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினான். “மன்னிச்சுக்குங்கண்ணே” என்று முணுமுணுத்தான். “என்ன, காதுல விழல” என்றார் முட்டைக்காரர். “விழுந்துச்சுண்ணே, உங்க மூஞ்சியிலயே தெரியுது” என்றான் அவன். பேராசிரியர் மேஜை டிராயரைத் திறந்து பென்சிலை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். முட்டைக்காரர் அதை வாங்கிக் காதில் செருகினார். காது பழையபடி சூடானது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

டாக்டரம்மா அன்றைக்கே நோட்டைத் திறந்துவிட்டாள். அவள் கண்ணில் ஒரு புது வெளிச்சம். “அப்போ நான் நினைச்சதே தப்புண்ணே. இந்த நொதி குழாயைக் கூப்பிடல, துரத்துது. இது கத்தரிக்கோல் இல்ல, பூட்டு. நாலு வருஷமா தலைகீழா யோசிச்சிருக்கேன்.” பத்து நாளில் ஒரு கூட்டம் இருந்தது, வெளியூர்க்காரர்கள் நூறு பேர் வருவார்கள், அங்கே இதைத்தான் சொல்லப்போகிறேன் என்றாள். பழைய படங்களையெல்லாம் ஓரமாக ஒதுக்கினாள்.

முட்டைக்காரர் உள்ளே போய்க் கழுவும் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு வளையங்களைப் போட்டார். வாயில் ஒரு மெட்டு இருந்தது. வளையம் கழுவுவது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அவருக்கு முன்னால் இருந்தவர் கைப்பிடித்துக் காட்டிவிட்டுப் போனது: முதலில் தண்ணீர், பிறகு சோப்பு, மறுபடி தண்ணீர், ஸ்பிரிட்டில் ஒரு முக்கு, துணியில் உலர்த்தல். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட மாறியதில்லை. அந்த வளையங்களின் ஓரத்தை டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தன் கையால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாள். அதனால் ஒன்றையும் தூக்கிப் போடுவதில்லை, கழுவிக் கழுவி மறுபடி வைப்பார்கள்.

தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர் வேலைக்கு வந்த அன்றைக்கே இருந்தது. நாலு பக்கமும் நாடா மஞ்சளாகி, நடுவில் தண்ணீர் பட்ட கறை. சுவரில் ஓர் ஆணி இருக்கிற மாதிரி, ஒரு விரிசல் இருக்கிற மாதிரி அங்கே அது இருந்தது. அன்றைக்கு, அத்தனை வருஷ ஈரத்தில் ஊறிய நாடா விட்டுப்போய், தாள் மெல்ல வழுக்கி இறங்கி அவர் கையிலேயே விழுந்தது.

துடைத்து மறுபடி ஒட்டுவதற்காகத்தான் எடுத்தார். ஆனால் சுவரில் இருந்தவரை சுவராக இருந்தது, கைக்கு வந்ததும் தாளாகிவிட்டது. தாளில் எழுத்து இருந்தது. எழுத்து இருந்தால் அவர் சும்மா விடுவாரா? மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தார்.

‘கழுவும் முறை. ஒன்று: கையுறை அணியவும்.’ சரி. ‘இரண்டு: குளிர்ந்த நீரில் அலசவும்.’ சரி. மூன்றும் நான்கும் சரி. நல்லாத்தான் எழுதியிருக்காங்க என்று நினைத்தார்.

‘ஐந்து: நொதி பட்ட வளையங்களையும் இடுக்கிகளையும் இருபது நிமிடம் கொதிநீரில் வைக்கவும். ஸ்பிரிட் மட்டும் போதாது. நொதி ஒட்டிக்கொண்டிருக்கும்.’

இன்னொரு தரம் படித்தார். ‘போதாது’ என்பதைப் ‘போதும்’ என்று படிக்க முடியுமா என்று பார்த்தார். எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாலும் ‘போதாது’ என்றுதான் இருந்தது.

பத்து வருஷத்துக்கு மேலாக இந்த அறையில் நொதியே கிடையாது, வேறு வேலைகள். கொதிக்க வைக்காததால் ஒரு குடியும் முழுகவில்லை. டாக்டரம்மா அதுவரை நொதியைக் கண்ணாடித் தட்டில்தான் சோதித்துக்கொண்டிருந்தாள், முட்டை அறைக்கு இரண்டு மாதமாகத்தான் வருகிறது. முதலில் சொட்டு வளையத்துக்குள் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக எல்லா வளையத்திலும் நொதி விட்டுப் பார்த்தார்கள். அந்த வளையங்களைத்தான் அவர் தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் முக்கி, பளபளவென்று துடைத்து, ‘வெறும்’ முட்டைக்கும் கொடுத்தார். ஓட்டின்மேல் ‘வெறும்’ என்று எழுதியது சரி. உள்ளே போனதுதான் வெறும் இல்லை. வளையத்தின் ஓரத்தில் துளியூண்டு கத்தரிக்கோல் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அப்படியானால் ‘நொதி’ முட்டைகள் ஏன் வழுக்கை? அதற்கும் அவருக்குப் பதில் வந்தது, வேண்டாம் வேண்டாம் என்றபோதே வந்தது. ஒரு கத்தரிக்கோல்காரன் வந்தால் கட்டை வெட்டி ஆளை விடுவான். நூறு பேர் வந்து விழுந்தால் கட்டோடு ஆளையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். அப்புறம் சத்தம் போட யார் இருக்கிறார்கள்?

தாளைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தார். யாரும் பார்க்கவில்லை. மறுபடி ஒட்டிவிடலாம். அது சுவராகிவிடும். இன்னொரு பதினோரு வருஷம் யாரும் படிக்கமாட்டார்கள். பென்சில் காதில் இருக்கிறது, சந்தேகம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நாளையிலிருந்து ஒழுங்காகக் கொதிக்க வைத்துவிட்டால் போயிற்று.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி காதில் பென்சிலைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். “திரும்பக் கிடைச்சிருச்சா! நான் அப்பவே சொன்னேன்ல.”

“நீ அப்பவா சொன்னே? கதவை இழுத்த கதையத்தானே சொன்னே.” தாளை எடுத்து நீட்டினார். “இதைப் படி. ஐந்தாவது.”

அவள் படித்தாள். படித்த வேகத்தில் புரிந்துகொண்டாள். அவர் மீதியைச் சொன்னார். அவள் தலையில் கைவைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சமையலறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏங்க, நம்ம அடுப்புல முன்னாடி ஒண்ணு ஒட்டியிருக்கே. வாங்கின நாள்லேருந்து இருக்கு. தினமும் சுத்தித் துடைக்கிறேன். நீங்க படிச்சிருக்கீங்களா?”

“நான் எதுக்கு அடுப்புகிட்ட வரேன்?”

“அதுவும் சரிதான். வாங்க.”

இருவரும் அடுப்பின் முன் குந்தினார்கள். ஓரமெல்லாம் எண்ணெய் ஏறிய வெள்ளைத்தாள். அவள்தான் முதலில் முடித்தாள். முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனார். ‘அடுப்பைப் பற்றவைக்கும் முன் இந்தத் தாளை உரித்து எடுக்கவும்.’

“எட்டு வருஷம்,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எட்டு வருஷமா அதைக் கிழியாம பாத்துப் பாத்துத் துடைச்சிருக்கேன். வெடிக்காம இருந்துச்சே, அதைச் சொல்லுங்க.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. முதுகு வலிக்கிற வரைக்கும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அவர் கேட்டார்: “இதை அங்க சொல்லணுமா? சொன்னா பென்சிலைப் புடுங்கிக்குவாங்க. இந்தத் தரம் திரும்பி வராது. கழுவத் தெரியாதவன்னு வேலையையும் சேத்துப் புடுங்கினாலும் புடுங்குவாங்க.”

“சொல்லலைன்னா?”

“அந்தப் பொண்ணு நூறு பேர் முன்னாடி போய், கத்தரிக்கோலைப் பூட்டுன்னு சொல்லும்.”

“அப்புறம் என்ன என்கிட்ட கேள்வி?” என்று அவள் அடுப்புத்தாளை நகத்தால் உரிக்க ஆரம்பித்தாள். அது வருவேனா என்றது. “எழுத்து தெரியாதவர்னு சொன்னப்ப அவ்வளவு துடிச்சீங்க. எழுத்து தெரியும்னு காட்டிட்டீங்க. தெரிஞ்சவர் இப்ப படிச்சதை மறைச்சா, தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?”

மறுநாள் காலையில் டாக்டரம்மாவும் பேராசிரியரும் கூட்டத்துக்கான படங்களை மேஜையில் பரப்பியிருந்தார்கள். முட்டைக்காரர் நடுவில் தாளை வைத்தார். பக்கத்தில் பென்சிலை எடுத்து வைத்தார்.

“எழுதினது சரி,” என்றார். “கழுவினதுதான் தப்பு. இதை நான் படிக்கவே இல்லைங்க. பதினோரு வருஷமா மூக்குக்கு நேரா இருந்துச்சு. ஊர்ல இருக்கிற பலகையெல்லாம் படிச்சேன், இதைப் படிக்கல.”

டாக்டரம்மா தாளைப் படித்தாள். முகம் முதலில் வெளுத்தது. “அப்போ வெறும் முட்டையெல்லாம்...”

“வெறும் இல்லம்மா. துளி ஒட்டியிருக்கு.”

“துளி,” என்றாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், ஒதுக்கி வைத்த பழைய படங்களை இழுத்துப் பார்த்தாள். “துளி போதும்! நான் ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கேன். வலையோட சேத்து வளர்ச்சிக் காரணியையும் வெட்டித் தள்ளியிருக்கு. அண்ணே, அளவுதாண்ணே! பூட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, அளவு!”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முட்டைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மாட்டிக்கொண்டார்.

“இது ஊகம்,” என்றார். “நெசமான்னு பாக்கணும். பன்னிரண்டு முட்டை. நொதியே விடக்கூடாது. ஆறுக்குக் கொதிக்க வெச்ச வளையம், ஆறுக்கு நீங்க வழக்கமா கழுவுற வளையம். அதுக்கு முன்னாடி, இப்ப சொன்னதை நோட்டுல எழுதுங்க.”

“நானா?”

“தப்பு உங்களோடது. வேற யார் எழுதுவாங்க? வாயால சொன்னதுக்கு நோட்டுல இடம் இல்ல.”

முட்டைக்காரர் பென்சிலை நோக்கிக் கை நீட்டினார். பேராசிரியர் தலையாட்டினார். “நோட்டுல பென்சில் கூடாது. அழிச்சிருவாங்க.” தன் பையிலிருந்த பேனாவைக் கழற்றிக் கொடுத்தார்.

பேனாவால் அவர் இதுவரை எழுதியது கையெழுத்து மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு எழுதினார். ‘வளையங்களை நான் கொதிக்க வைக்கவில்லை. சுவரில் இருந்த தாளை நான் படிக்கவில்லை. முட்டையில் எழுதியது சரி.’ மூன்று வரிக்கு அரை மணி ஆயிற்று. சந்தேகம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“கடைசி வரி தேவையாண்ணே?”

“அதுதான் தம்பி முக்கியம்.”

பன்னிரண்டு முட்டையிலும் அதே பென்சிலால் அவரே எழுதிவிட்டு, அதைத் திரும்ப மேஜையிலேயே வைத்தார். ‘கொதித்தது’, ‘கொதிக்காதது’. இரண்டாவது வார்த்தை நீளம். ஓட்டைச் சுற்றி ஓடி, கடைசி எழுத்து ஜன்னல் நாடாவுக்கு அடியில் போய் நுழைந்துகொண்டது. டாக்டரம்மா ஒரு வார்த்தையைப் படிக்க முட்டையை முழுச் சுற்றுச் சுற்றவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அவள் ஜன்னலைத் திறப்பதற்கு முன், “படிங்கண்ணே” என்றாள். அவர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். “கொதித்தது.” அவள் குனிந்தாள். வழுக்கை. “கொதிக்காதது.” அவள் குனிந்தாள். நிமிரவே இல்லை. “வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னாள். ஆரக்கால்கள் எல்லாப் பக்கமிருந்தும் வளையத்துக்குள் ஓடி வந்திருந்தன. பன்னிரண்டும் சொன்னபடி வந்தது. கூட்டத்தில் பூட்டு என்று சொல்லவில்லை. எவ்வளவு துளி என்று முறையாக அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்று அடுத்த கூட்டத்துக்குத் தேதி வாங்கிக்கொண்டாள். நான்கு வருஷம் நாலே கால் ஆகும், அவ்வளவுதான்.

பேராசிரியர் நோட்டில் கையெழுத்துப் போட்டு மூடினார். மேஜையில் கிடந்த பென்சில் அவர் கண்ணில் பட்டது. எடுத்து முட்டைக்காரரிடம் கொடுத்தார்.

“வேலை?” என்று கேட்டார் முட்டைக்காரர்.

“இருபது நிமிஷம் கொதிக்க வைக்கிற வேலை. பாத்திரம் கீழ் அலமாரியில இருக்கு.”

முட்டைக்காரர் பேனாவையும் திருப்பிக் கொடுக்கப் போனார். பேராசிரியர் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டார். பேனா காதில் நிற்காது, கனம். சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் அந்தத் தாளை மறுபடி ஒட்டவேண்டியிருந்தது. தொட்டிக்கு மேலே கொண்டுபோனவர், அங்கேயே இருந்தால் மறுபடி சுவராகிவிடுமே என்று யோசித்தார். பிறகு அதைக் கதவின் உள்பக்கம், கைப்பிடிக்கு நேராக, சற்றே கோணலாக ஒட்டினார். அடுத்த வாரம் முட்டைப் பெட்டியின்மேல் ஒட்டலாம், அதற்கடுத்த வாரம் சந்தேகத்தின் நாற்காலி முதுகில். பாத்திரத்துக்குள் வளையங்கள் தடதடவென்று குதித்துக்கொண்டிருந்தன. முட்டைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பென்சிலால் உள்ளங்கையில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.